வெயில் தாங்காத வழிகாட்டி

ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். பைக்கில் ஓமன் வரை போய்வர ஆசைப்பட்டு, இங்குள்ள ரோலா கடைத்தெருவில் ஒரு கடையில் ஹேண்டில்பாரில் மாட்டும் ஜி.பி.எஸ் கருவி வாங்கினேன். ஊர் நினைப்பில், "மழை பெஞ்சா தாங்குமா?" என்றுதான் முதலில் கேட்டேன். கடைக்காரர் அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீரையே ஊற்றிக் காட்டி, "பக்கா வாட்டர்ப்ரூஃப்ணே, கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார். நானும் மயங்கிவிட்டேன்.

எல்லை தாண்டி ஓமனுக்குள் நண்பகலில் போய்க்கொண்டிருந்தபோது திரை திடீரென்று கறுத்துவிட்டது. ஒரு கையால் அதைத் தட்டிக்கொண்டே குனிந்தேன். பின்னால் தன் பைக்கில் வந்த நண்பர் செந்தில் விடாமல் ஹாரன் அடித்தார். நிமிர்ந்தால், எதிரே ஒரு தண்ணீர் டேங்கர் நின்றிருந்தது! எப்படியோ பிரேக் பிடித்து நின்றேன். கருவியைத் தொட்டால் தோசைக்கல்லாய்ச் சுட்டது.

திரும்பி வந்து கேட்டால், "சூட்டுல ஆஃப் ஆகத்தான் செய்யும்ணே. நீங்க மழையப் பத்தித்தானே கேட்டீங்க?" என்கிறார் அந்தக் கடைக்காரர்! வளைகுடாவில் ஆளை வாட்டுவது மழையா? இங்கேயே கடை வைத்திருப்பவருக்கு அது தெரியாதா?

இப்போதெல்லாம் எந்தக் கருவியானாலும், கடை வாசலில் உச்சிவெயிலில் ஓடவிட்டு, ஒரு டீ குடித்து முடித்த பிறகுதான் விலையே பேசுகிறேன். போன வாரம் வேறொரு கடையில் அப்படி வைத்ததும் விற்பனையாளர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ சார், வெயில்ல வைக்காதீங்க, கெட்டுப்போயிடும்!"

கலாஸ், அவ்வளவுதான்! கருவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, மீதி டீயைக் குடித்தேன்.