பெருவிரலில் ஆடிய தொட்டில்கள்

அப்போது என் மகளுக்குப் பத்து மாதம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்வதற்கு தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனிலும், அதாவது பிரிவிலும், ஒரு பிள்ளைக்காம்பரா உண்டு. எங்கள் டிவிசன் காம்பராவில் மகளை நான்கு நாள் விட்டோம். நான்கு நாளும் தூக்கமில்லை, பாலில்லை, ஒரே அழுகை.

"நாளைக்கும் இப்பிடின்னா நான் பெரட்டுக்குப் போய்ப் பேர் குடுக்கமாட்டேங்க, வேலைக்கும் போகமாட்டேங்க. புள்ள எலும்பாப் போறா" என்றாள் என் சம்சாரம்.

"புள்ள மேல குத்தமில்ல. காம்பராதான் சரியில்ல. நல்ல காம்பராவா நான் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், கொழுந்து வாட்டுகிறவனுக்குப் பிள்ளை வளர்ப்பு தெரியாதா என்ன? மறுநாளும் மகளை அங்கேயே விட்டுவிட்டு லீவு போட்டேன். கல்யாணச் சட்டையை மாட்டிக்கொண்டு, பரிசோதனைக்கு வந்த டாக்டர் மாதிரி கையைப் பின்னால் கட்டியபடி நடந்தேன்.

கீழ் டிவிசன் காம்பராவில் ஒரே அடுப்புப் புகை. தொட்டிலுக்கடியில் ஆடு படுத்திருந்தது. தள்ளுபடி.

வட்டகொடைப் பக்கம் இரண்டு மைல் ஏறினால் பக்கத்துத் தோட்டம். அங்கே புதுக் கட்டடம், கண்ணாடி ஜன்னல், வெள்ளை பூசிய இரும்புக் கட்டில்கள்! வாயைப் பிளந்துவிட்டேன்.

"இங்க சேர்க்க என்னா செய்யணும்?"

"ஒங்க சம்சாரம் எந்த மலையில கொழுந்தெடுக்குது?" என்று கேட்டாள் அங்கிருந்த ஆயா.

"அடுத்த தோட்டத்துல."

"அப்ப அங்கதாண்ணே விடணும். வெளித் தோட்டத்துப் புள்ளைய எடுத்தா, தொரை எங்களத் தூக்கித் தொட்டில்ல போட்டுருவாரு."

இரண்டு மைல் ஏறும்வரை இது எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வந்து, குறை கண்டுபிடிக்கவென்றே எங்கள் காம்பரா ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே பதினைந்து சேலைத் தொட்டில்கள். எல்லாவற்றையும் கோத்து ஒரே கயிறு. அதன் நுனி எங்கள் காம்பரா ஆயம்மாவின் கால் பெருவிரலில். மடியிலிருந்த பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே விரலை அசைத்தாள். பதினைந்து தொட்டிலும் சேர்ந்து ஆடின. எங்கோ ஒரு முனகல். திரும்பிப் பாராமலே, "பல்லு மொளைக்குதாடி ஒனக்கு?" என்றாள். எந்தப் பிள்ளையென்று முதுகுக்கே தெரிந்திருந்தது! அத்தனை பிள்ளைகளுக்கு நடுவே அழுதவள் என் மகள் மட்டும்தான்.

ஆயம்மா என்னைக் கண்டுவிட்டாள்.

"உள்ள வாங்க தம்பி. ஒங்க வீட்டுத் தொட்டில் சேலைய யாரு தொவைச்சது?"

அவரவர் வீட்டிலிருந்து தாயின் பழஞ்சேலையைத் தொட்டிலுக்குக் கொடுப்பது வழக்கம். நாலு பேர் அழுக்கென்று சொல்லக்கூடாதே என்று நான்தான் வெந்நீரில் ஊறவைத்து, சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்திருந்தேன். பெருமையாகவே சொன்னேன்.

"அதானே பாத்தேன்! தாய் வாசத்தையே தொவைச்சுப்புட்டீங்க. நேத்து ஒங்க சம்சாரம் மலையில கட்டுன சேலையக் கொண்டாங்க. தண்ணி காட்டிறாதீங்க."

லயத்து வீட்டுக்கு ஓடினேன். கொழுந்துக் கறையும் வியர்வையுமாகக் கிடந்த சேலையை எடுத்து வந்தேன். தொட்டில் சேலை மாறியது. மகள் துணியை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். இரண்டு விம்மல். பெருவிரல் அசைந்தது. தூங்கிவிட்டாள்.

பகலில் பால் கொடுக்க ஓடிவந்த என் சம்சாரம், பிள்ளை தூங்குவதைக் கண்டு அப்படியே நின்றாள். சற்று நேரத்தில் கண்விழித்த மகள் மடக்மடக்கென்று குடித்தாள். சம்சாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டி மலைக்குப் போனாள்.

நான் மட்டும் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னா தம்பி," என்றாள் ஆயம்மா, "ஒங்களுக்கும் ஒரு தொட்டில் கட்டணுமா?"