பஸ்ஸில் பேசிய மந்திரி

அழகர்சாமி சேர் போய்விட்டார் என்று அவருடைய மகள் கம்பளையிலிருந்து போன் பண்ணியபோது, ஐயோ என்றுகூட எனக்கு வாய் வரவில்லை. எப்படி என்றுதான் கேட்டேன். மாரடைப்பு, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் என்றாள். அப்பாடா என்று இருந்தது. சாவுச் செய்தி கேட்டு நிம்மதிப்படுகிறவளைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. இத்தனை வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது வேறு மாதிரியான செய்திக்கு.

மாகாண சபையில் அவர் நிதி மந்திரியாக இருந்த காலம் முழுவதும் பல்லேகல அலுவலகத்தில் நான்தான் அவருடைய செயலாளர். தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்து மேலே வந்தவர். கை இறுக்கம் என்றால் அப்படியொரு இறுக்கம். கூட்டங்களுக்கு பிஸ்கட் வாங்கக்கூட விடமாட்டார். "பசியோட இருந்தாத்தான் சீக்கிரம் பேசி முடிப்பாங்க" என்பார். முதலில் நாங்களும் பசியோடுதான் சிரித்தோம்.

அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் அந்த பஸ் கதை தெரியும். அரசாங்க வாகனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போன மந்திரி. அன்றைக்கு மேசைக்கு என்னென்ன வந்தது, எதில் கையெழுத்து வைத்தார், எதில் வைக்கவில்லை என்று பக்கத்து சீட்டில் இருப்பவர்களிடம் உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். எளிமை என்று பத்திரிகையில் போட்டார்கள். இப்போது அஞ்சலி நோட்டீசிலும் அதே எளிமைதான். எனக்குக் கோபம்தான் வருகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். மண்சரிவில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு லயம் பாதி புதைந்த வருஷம் அது. மிச்சமிருந்த லயங்களுக்கு மேலே தடுப்புச் சுவர் கட்டப் பணம் ஒதுக்கியிருந்தோம். அந்தப் பணத்தை, மலை உச்சியில் தான் கட்டவிருந்த ஹோட்டலுக்குப் போகும் பாதைக்கு மாற்றித் தரச்சொல்லி, கட்டட ஒப்பந்த வேலை எடுக்கும் ஒரு கொந்தராத்துக்காரர் வந்தார். யார் வந்தாலும் சேர் கதவைத் திறந்தே வைத்திருப்பார். அதனால் வெளியே இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. முடியாது என்றார் சேர். வந்தவர் கோபப்படவில்லை. எழும்பும்போது மெதுவாகச் சொன்னார்:

"மகள் கிளாஸ் முடிஞ்சு எந்த பஸ் ஹோல்ட்டுல இறங்குறான்னு நமக்குத் தெரியும்தானே, சேர்."

அவர் போன பிறகு நான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். சேரால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, சோசரில் கடகடவென்று அடித்தது. பொலிசுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். யாரிடம் போய்ச் சொல்வது என்று திருப்பிக் கேட்டார்.

அன்று மாலை வாகனம் வேண்டாம் என்றுவிட்டார். கண்டிவரை நானும் அவரோடு பஸ்ஸில் வந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் பின்னாலேயே வந்தது போல எனக்கு இருந்தது. உண்மையாக இருக்கலாம், என் பயமாகவும் இருக்கலாம். திடீரென்று சேர், முன்பின் தெரியாத ஒரு மரக்கறிக்கார அம்மாவிடம் அந்தச் சுவர் கதையை ஆரம்பித்தார். குரல் நடுங்கியது. ஆனாலும் கடைசி சீட்டுவரைக்கும் கேட்டது. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி கம்பளை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது என்னிடம் சொன்னார்:

"பயமாத்தான் இருக்கும்மா. தனியா கார்ல போனா, என்ன ஆனாலும் ஏன்னு ஒருத்தருக்கும் தெரியாது. பஸ்ஸுல சொல்லி வச்சா அம்பது பேருக்குத் தெரியும்."

அதன்பிறகு பதவியில் இருந்த கடைசி நாள்வரை அப்படித்தான் போனார். மகளையும் யாராவது நாலு பேரோடு சேர்த்துத்தான் வகுப்புக்கு அனுப்பினார். சுவர் எழும்பியது. அதன் கீழே இன்றைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தக் கொந்தராத்துக்காரர் நேற்று எனக்குப் போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கம்பளையில் நடக்கும் அஞ்சலிக் கூட்டத்துக்கு அவர்தான் தலைமையாம். அந்த மலையில் மறுபடியும் வேலை தொடங்குவதாகவும், சுவரை உடைத்து அந்த வழியாகவே பாதை போடப்போவதாகவும் ஊரில் பேச்சு. எளிமையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினால் போதும், பழைய கதையெல்லாம் எதற்கு மிஸ் என்றார். கண்டியிலிருந்து தனியாகத்தானே வருவீர்கள், வாகனம் அனுப்புகிறேன் என்றும் சொன்னார். வீட்டு விலாசத்தை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

எனக்கு அந்தச் சோசர் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

"வேணாங்க. நான் பஸ்ஸுலேயே வர்றேன்" என்றேன்.

சேரைத் தைரியசாலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவரைப்போல் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் பயத்தைத்தான், அதை நாலு பேர் காதில் போட்டுவிடும் பழக்கத்தோடு சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை காலை குட்ஷெட்டிலிருந்து கம்பளை பஸ் ஏறுவேன். சுவரைப் பற்றித்தான் பேசுவேன். நான் கூட்டத்துக்கு வந்து சேராவிட்டால் ஏன் என்று இப்போது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.