கப்பல் எப்போது 'வந்தது'?

சென்ற செவ்வாய்க்கிழமை கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஃபக்ஸ். சரக்குப் பிரிவு நஸீமா கவனக்குறைவாகத் தவறான தகவல் பதிந்ததால் கம்பனிக்குப் பெரும் நட்டமாம். வேலையிலிருந்து ஏன் நிறுத்தக்கூடாது என்று விசாரிக்கப் போகிறார்களாம்.

வாசித்து முடிப்பதற்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நஸீமா கிண்ணியாப் பிள்ளை. ஃபெரியில் கடந்து, இரண்டு செக்பொயின்டில் பையைத் திறந்து காட்டி, எட்டரைக்குக் கதிரையில் இருப்பாள். சண்டையால் வந்த மீன்பிடித் தடையில் மீனவரான வாப்பா வீட்டில். அந்த வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் அவளுடையது.

விஷயம் இதுதான். நான் கம்ப்யூட்டர் பார்க்கும் இடம் திருகோணமலைத் துறைமுகத்து மாவு மில். கோதுமை கப்பலில் வரும். கப்பல் சரக்கிறக்கும் ஜெட்டியில் கட்டுகிற நாளில் உலகச் சந்தையில் என்ன விலையோ, அதுதான் எங்களுக்கு விலை. அதுவரை ஏறினால் எங்கள் தலையில். அதனால் கொழும்பு நிதிப் பிரிவு வெளிநாட்டுச் சந்தையில் அந்த ஏற்றத்தை ஈடுகட்ட முன்கூட்டியே ஒரு விலைக் காப்பு எடுத்து வைக்கும். எவ்வளவு கோதுமை இன்னும் கடலில் என்று அவர்களுக்குச் சொல்வது புது சொஃப்ட்வெயர். இங்கே நஸீமா 'அரைவ்ட்', அதாவது 'வந்தது' என்று அழுத்தினால், அங்கே அந்தக் கோதுமை பட்டியலிலிருந்து கழன்றுவிடும். காப்பையும் விட்டுவிடுவார்கள்.

இந்த முறையும் அழுத்தினாள். காப்பை விட்டார்கள். கப்பலோ பதினொரு நாள் ஜெட்டிப் பக்கமே வரவில்லை... விலை ஏறிவிட்டது.

நிதிப் பிரிவு அதிகாரி ஃபோனில் சீறினார்.

"கப்பல் வரேல்லையெண்டால் ஏன் வந்தது எண்டு போட்டனீங்கள்?"

"வந்திட்டுதுதானே சேர்," என்றாள் நஸீமா. "இந்தா, யன்னலால தெரியுது."

பொய்யா? இல்லையே. திருகோணமலையில் கப்பல் குடாவுக்குள் நுழைந்தாலே 'வந்திட்டுது'தான். பிறகு நங்கூரம் போட்டு நிற்கும். நேவிச் சுழியோடிகள் குண்டு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்து அனுமதி தந்தால்தான் ஜெட்டி. முன்பெல்லாம் மறுநாளே கட்டிவிடும், ஆகவே இந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. இப்போது ஷெல் சத்தத்துக்கு நடுவில் யார் அவசரமாக அனுமதி தருவார்கள்?

சொஃப்ட்வெயரைச் செய்து பூட்டிய கொழும்புக்காரர்களுக்கு இது தெரியாதா? எப்படித் தெரியும்! ஒருமுறை வந்து துறைமுகத்தைப் பாருங்கள் என்று மூன்று தரம் கேட்டேன். "நிலைமை சரியில்லை" என்றார்கள். எனக்கு ஃபோனில்தான் பாடம். நான் நஸீமாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன் — "கப்பல் வந்தவுடனே இதை அமத்துங்கோ பிள்ளை." என் வாயால் சொன்ன வசனம். நினைக்க நினைக்க என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

இரண்டு நாள் கிண்டிப் பிழையைப் பிடித்தேன். 'குடாவில்', 'ஜெட்டியில்' என்று இரண்டு பட்டன் வேண்டும். இரண்டாவதை அழுத்தினால்தான் சொஃப்ட்வெயர் நிதிப் பிரிவின் பட்டியலில் கை வைக்க வேண்டும். அவ்வளவுதான். எழுதி அனுப்பினேன். ஒப்புக்கொண்டார்கள், மறுநாளே திருத்தியும் விட்டார்கள். அப்படியென்றால் பிழை எங்கே இருந்தது? பிள்ளையை விட வேண்டியதுதானே?

விடவில்லை. விசாரணை கட்டாயம் நடக்குமாம். கொழும்பில், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

அங்கிருந்து அவர்கள் ஏஸி போட்ட வான் வண்டியில் இங்கே வர நிலைமை சரியில்லை. இங்கிருந்து ஒரு கிண்ணியாப் பெண் ஒவ்வொரு சோதனைத் தடையிலும் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, ஏறி, திரும்ப இறங்கிப் போக மட்டும் நிலைமை நன்றாக இருக்கிறது. இது எந்த ஊர் நியாயம் ஐயா?

"விடுங்க சேர், போய்ச் சொல்லிட்டு வாறன்," என்றாள்.

"என்னத்தைச் சொல்லுவீங்கள்?"

"கப்பல் வந்தது எண்டுதான்."

அவளால் சிரிக்க முடிந்தது. என்னால் ஏலவில்லை. அந்த வசனத்தைச் சொல்லிக் கொடுத்தவன் நான், கூப்பிடுவதானால் என்னைக் கூப்பிடுங்கள் என்று எழுதி அனுப்பினேன். சொஃப்ட்வெயர் கேள்விக்கு வழக்கமாக ஒரு வாரம் எடுப்பவர்கள் இதற்கு ஒரு மணித்தியாலத்தில் பதில் போட்டார்கள்: 'நீங்களும் வரவும்.'

போகிறேன். அந்த அறையில் திருகோணமலைத் துறைமுகத்தைக் கண்ணால் கண்டவர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும்.