மலைச்சாலைக்கு ஒரு வேலி கேட்டவர்

சண்முகவேல் அண்ணாச்சி போய்விட்டார் என்று கோமதி மதினி தொலைபேசியில் சொன்னபோது நான் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் காலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாரடைப்பு. ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே ஓடினால், தெருவில் நிறுத்தியிருந்த என் காரைக் காணோம். பனி அள்ள வந்த நகராட்சி ஆட்கள் அதை இழுத்துக்கொண்டுபோய் எங்கோ ஒரு சந்தில் விட்டிருந்தார்கள். அதைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பனிக்காக இத்தனை வருடம் மெனக்கெட்ட மனிதர். அவர் செத்த அன்றைக்காவது அது கொஞ்சம் ஒதுங்கி நின்றிருக்கலாம்.

நம் ஊர்த் தமிழர்கள் கூடிய இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் பேசினீர்கள். அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர், சிரித்த முகம். ஒன்றும் பொய் இல்லை. ஆனால் நான் அவரோடு பல குளிர்காலம் மலை ஏறி இறங்கியவள். அவர் எவ்வளவு எரிச்சலூட்டுகிற மனிதர் என்பதையும் யாராவது ஒருவர் எழுதத்தான் வேண்டும். என்னை விட்டால் அதற்கு ஆள் இல்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்பாசமுத்திரத்துக்காரர். எக்ஸ்போ கண்காட்சி பார்க்க உலகமே இங்கே திரண்டிருந்த வருடத்தில், பல்கலைக்கழகத்தில் புவியியல் சொல்லிக்கொடுக்க வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது. லவால் புறநகரைத் தாண்டி வடக்கே மணிக்கணக்காகப் போனால் வருகிற ஒரு மலை மாவட்டத்தில், மனிதர் நினைவில் இருக்கிற பனிப்புயல்களை எல்லாம் சேகரிக்கவேண்டும் என்பதுதான் அது. நகரத்தில் விமான நிலையத்தில் கருவி இருக்கிறது, எல்லாம் பதிவாகிறது. மலையில் நடந்ததை யார் பதிந்தார்கள் என்பார். எழுபத்தோராம் வருடத்து மார்ச் புயலைப் பற்றி நாமெல்லாம் இன்னும் பெருமை அடித்துக்கொள்கிறோம், இல்லையா? பனியில் ஓடும் வண்டிகளை எடுத்துக்கொண்டு போலீஸ்காரர்கள் ரோந்து போனார்கள், நானும் பார்த்தேன் என்று. அந்தப் பேச்சு எடுத்தாலே அண்ணாச்சி முகம் சுருங்கிவிடும். அன்றைக்கு மலையில் என்ன ஆனது என்று ஒருவராவது கேட்டீர்களா என்பார். நாம் கேட்கவில்லை. கர்க்லாண்டில் என் வீட்டில் நடந்த பொங்கல் கூட்டத்தில் அவர் அதைச் சொல்ல ஆரம்பித்தபோது வடை ஆறுகிறது என்று பாதியில் உட்காரவைத்ததும் நாம்தான். 'புயல் அண்ணாச்சி' என்று பட்டப்பெயர் வைத்ததோடு நம் கடமை முடிந்தது.

அவருக்குப் பிரெஞ்சு வராது, கார் ஓட்டவும் தெரியாது. நான் டாக்டராக வேலை பார்ப்பது பிரெஞ்சு மருத்துவமனை, எனக்குக் காரும் உண்டு. அகப்பட்டுக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் அவர் மெட்ரோவில் ஆறு தாண்டி வந்து வடக்குக் கோடி நிலையத்து வாசலில் நிற்பார். கையில் மதினி கட்டிக்கொடுத்த புளிச்சாதப் பொட்டலம். வண்டியில் ஏறியதும் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று சொல்வார். நான் கேட்கவே மாட்டேன், ஆனாலும் சொல்வார்.

அவர் வேலைசெய்த முறை எங்கும் எந்தப் பாடத்திலும் இருக்காது. ஒரு புயலை ஒரு வீட்டில் சொன்னால் ஏற்கமாட்டார். இன்னொரு வீட்டிலும் அதைச் சொல்லவேண்டும். அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்கக்கூடாது. "சேந்து உக்காந்து காப்பி குடிக்கிறவன் சொல்லுத கதையில பாதி அடுத்த வீட்டுக்காரன் கதை, டாக்டரம்மா. மொகம் பாத்துப் பேசாதவனா ரெண்டு பேரைப் புடிங்க. அவங்க ரெண்டு பேரும் ஒண்ணைச் சொன்னா அது நடந்துருக்கு" என்பார். பங்காளிச் சண்டையை ஆராய்ச்சிக் கருவியாக்கிய மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஊரில் இவருடைய அப்பாவும் பெரியப்பாவும் பொதுச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆயுசு முழுக்கப் பேசாமலே இருந்தவர்களாம். ஆற்றில் வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்பதில் மட்டும் இருவர் கணக்கும் ஒத்துப்போகுமாம். அதிலிருந்து கற்றது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு மலைவீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, உங்களுக்கு இந்த ஊரில் யாரோடு ஆகாது என்று பிரெஞ்சில் கேட்கவேண்டியவள் நான். சேலைக்கு மேல் கோட்டு போட்ட ஒருத்தி வந்து குடும்பச் சண்டை விசாரிக்கிறாள் என்றால் என்ன நினைப்பார்கள்? ஒரு வீட்டில் என்னை வரி அதிகாரி என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இப்படித்தான் கஸ்தோனும் ரொசேரும் கிடைத்தார்கள். அண்ணன் தம்பிகள். சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பால் பண்ணை. அப்பாவின் மேப்பிள் தோப்பு யாருக்கு என்பதில் முறிந்துபோனவர்கள். பாதிரியாரின் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டி புதைந்த கதையைக் கஸ்தோன் முதலில் சொன்னார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது, வடகிழக்குக் காற்றில் வந்த ஒரு புயலில், பாதிரியார் சாலையை விட்டுக் குறுக்கே இறங்கிய ஒரு பள்ளத்தில் நடந்தது. பாதிரியார் எப்படியோ நடந்து தப்பிவிட்டார். குதிரை நின்றபடியே செத்துப்போயிருந்தது. பிறகு நாங்கள் எதிர்ப்புறம் போனோம். ரொசேரும் அதே காற்று, அதே பள்ளம், அதே குதிரை என்று சொன்னார். அவர் சொல்லி முடித்ததும் அண்ணாச்சி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார்.

ரொசேர் கூட்டிப்போய்க் காட்டினார். அந்தப் பள்ளத்தைத்தான் கொஞ்ச வருடம் முன்பு இன்னும் வெட்டி நேர்ச்சாலை போட்டிருந்தார்கள். முன்பு பழைய சாலை மேட்டுமுகடு வழியாகச் சுற்றிப் போகும். முகட்டில் காற்று பனியைத் தங்கவிடாது, அடித்துக்கொண்டு போய்விடும். வெட்டிய பள்ளத்தில் அத்தனையும் வந்து இறங்கும். இப்போது அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் தினமும் பள்ளிக்கூடப் பேருந்து போகிறது. அண்ணாச்சி வெகுநேரம் அங்கேயே நின்றார். எனக்குக் காது மரத்துவிட்டது, வாங்க போகலாம் என்றேன். காரில் வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "புள்ளைங்க போற பஸ்லா" என்றார்.

அன்றிலிருந்து புயல் சேகரிப்பது போய், வேலி கேட்பது ஆரம்பமாயிற்று. பெரிய கோரிக்கை ஒன்றும் இல்லை. காற்று வரும் பக்கத்தில், சாலைக்குக் கொஞ்சம் தள்ளி மரச்சட்டங்களால் ஒரு வேலி போட்டால் பனி அதன் அடியிலேயே விழுந்துவிடும், சாலைக்கு வராது. அது முடியாது என்றால், புயல் நாளில் மட்டும் பேருந்தைப் பழைய முகட்டுச் சாலையில் விடுங்கள். இவ்வளவுதான். இதைச் சொல்ல அந்த ஊர் மன்றத்தில் ஒரு மாலை எங்களுக்கு நேரம் ஒதுக்கினார்கள்.

அங்கேதான் அண்ணாச்சி அவரால் மட்டுமே செய்யமுடிந்த ஒரு காரியத்தைச் செய்தார். சாட்சி சொல்லக் கஸ்தோன், ரொசேர் இருவரையும் அழைத்திருந்தார். எனக்கு மண்டபத்தில் நுழைந்த பிறகுதான் தெரியும். "அண்ணாச்சி, ரெண்டு பங்காளியை ஒரே பந்தியில உக்கார வச்சிருக்கீங்களே, சோறு எறங்குமா?" என்று கேட்டேன். தனித்தனியாக ஒன்றையே சொன்னவர்கள், சேர்ந்து சொன்னால் இன்னும் பலம்தானே என்றார். இத்தனை பங்காளிச் சண்டை பார்த்த மனிதருக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லை.

கஸ்தோன் எழுந்து குதிரைக் கதையை நன்றாகவே சொன்னார். உடனே ரொசேர் எழுந்து, அது அந்தப் பள்ளமே இல்லை, ரொம்பக் கீழே ஓடைப் பக்கம் என்றார். என்னிடம் தன் வாயால் அந்தப் பள்ளம்தான் என்று சொன்ன அதே மனிதர். கஸ்தோன் சும்மா இருப்பாரா? அன்றைக்கு இவன் அங்கே இருக்கவே இல்லை, காய்ச்சலில் படுத்திருந்தான் என்றார். பிறகு குதிரையின் நிறம், பாதிரியாரின் பெயர், கடைசியில் மேப்பிள் தோப்பு வரைக்கும் போய்விட்டது. மண்டபமே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் மேயர் ஒரே கேள்வி கேட்டார். இந்தக் குளிர்காலத்தில் பேருந்து அங்கே பனியில் மாட்டுமா, மாட்டாதா? நான் தமிழில் சொன்னேன். அண்ணாச்சி, "மாட்டலாம். மாட்டாமயும் போகலாம். எப்பன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க" என்றார். அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். "நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி, நிச்சயமா மாட்டும்னு நான் சொல்லிக்கிறேன். வேலி வந்துரும்" என்றேன்.

"வேண்டாம்மா. தெரியாததைத் தெரியும்னு சொல்லி வேலி வாங்கிட்டா, அப்புறம் தெரிஞ்சதைச் சொல்லும்போது எவன் நம்புவான்?"

அவர் சொன்னதையே பிரெஞ்சில் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு. மேயர் மெர்சி, நன்றி என்றார். வேலிக்குப் பணம் இல்லை, பாதையை மாற்றினால் பெற்றோர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், பார்க்கலாம் என்றார்கள். அதற்கு அடுத்த வருடமும் போனோம். மறுபடியும் பார்க்கலாம்.

அதன் பிறகு அண்ணாச்சிக்கு நிம்மதி போயிற்று. காற்று வடகிழக்காக மாறிய காலைகளில் எனக்குத் தொலைபேசி வரும். "டாக்டரம்மா, காத்து மாறிட்டு. இந்நேரம் பஸ் பள்ளத்துக்கிட்ட வந்துருக்கும்லா?" என்பார். நான் என்ன செய்யமுடியும், அண்ணாச்சி, எனக்கு வேலைக்கு நேரமாகிறது என்பேன். வேலைக்கு உண்மையாகவே நேரம் ஆகியிருக்கும். முதல் மாரடைப்புக்குக் கொடுத்த மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்பேன். சாப்பிடுகிறேன் என்பார். மதினியிடம் கேட்டால், சன்னல் பக்கத்திலிருந்து நகரவே மாட்டேன் என்கிறார் என்பார். பேருந்து மாட்டியதாகச் செய்தி எதுவும் வரவில்லை. பார்த்தீர்களா, ஒன்றும் நடக்கவில்லையே என்று மேயர் என்னிடம் ஒருமுறை தொலைபேசியில் சொன்னார். அண்ணாச்சியிடம் அதைச் சொன்னபோது, ரொம்ப நல்லதாப் போச்சு என்றார். ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

தகனத்தன்று கூடத்தின் பின்பக்கம் கனத்த பனிக்கோட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள். உங்களில் சிலர் யார் அது என்று என்னிடம் கேட்டீர்கள். பெயர் தெனீஸ். அந்தப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டுகிறவள். கஸ்தோனுக்கு நான் சொல்லியிருந்தேன், அவர் மூலம் கேள்விப்பட்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். முதல் தடவை நாங்கள் மன்றத்தில் பேசியபோது அவளும் கடைசி வரிசையில் இருந்தாளாம். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் எப்போது என்று தனக்குத் தெரியாது என்று அந்த மனிதர் சொன்னார், அதனால்தான் எனக்குப் பயம் வந்தது என்றாள். அன்றிலிருந்து காற்று வடகிழக்காக அடிக்கிற காலைகளில் அவள் பள்ளத்தில் இறங்குவதில்லை. யாரிடமும் சொல்லாமல் முகட்டுச் சாலையில் சுற்றிப் போகிறாள். தாமதமாக வருகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் எச்சரித்திருக்கிறார்கள். காரணத்தைச் சொன்னால் அந்த வழியில் போகக்கூடாது என்று உத்தரவு போட்டுவிடுவார்கள் என்று வாயே திறக்கவில்லை. இரண்டு தடவை பள்ளம் முழுசாக மூடிக் கிடந்ததை மேலேயிருந்து பார்த்தாளாம்.

மதினிக்கு இதைத் தமிழில் சொன்னேன். மதினி அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? இந்த மனுசன் காலங்காத்தால எந்திரிச்சு அந்தச் சன்னல்லயே நின்னாரே. சொல்லு டாக்டர், அவகிட்ட இதைச் சொல்லு" என்றார்.

சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல். தெனீஸ் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அங்கே காத்துக்கொண்டிருப்பார் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றாள். பிறகு மதினிதான் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலி இல்லாமலேயே அவர் கேட்டது நடந்துகொண்டிருந்தது. அது தெரிந்திருக்கவேண்டிய அவருக்கே தெரியவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை, அதனால் எல்லோர் மேலும் படுகிறேன்.

தெனீஸ் நாளைக்கே வேலையை விட்டுவிட்டால் அடுத்து வருகிறவர் பள்ளத்தில்தான் இறங்குவார். அதனால் பனிக்கு முன்னால், இலையுதிர்காலத்தில் நான் மறுபடி அந்த மன்றத்துக்குப் போகிறேன். மேயர் அதே கேள்வியைக் கேட்பார். தெனீஸ் பார்த்ததை அங்கே சொன்னால் முகட்டுச் சாலைக்கே தடை போட்டுவிடுவார்கள். நிச்சயம் மாட்டும் என்று சொன்னால் வேலி வந்துவிடும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன், அந்தப் பொய் வாயில் வரவில்லை. அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது இதுதான். எரிச்சலோடுதான் வைத்திருக்கிறேன்.