போறணைக்குள் அப்பா

எங்கள் பேக்கரிக்கு முதல் போட்டவர் மூதூர் ஹாஜியார். வட்டி ஹராம், லாபம் வந்தால் பாதி தந்தால் போதும் என்று சொல்லிக் காசைக் கொடுத்த மனிதர். துறைமுகத்தடியில் தையல்கடை, சைக்கிள் கடை என்று பாதித் தெரு அவருடைய காசில்தான் எழும்பியது. எங்கள் மாமாவுக்கு மட்டும் நம்பிக்கையில்லை. "வட்டி வேண்டாமெண்ட ஆள் ஒருநாள் கடையைத்தான் கேட்பார், பாருங்கோ" என்று எங்கள் பாணைத் தின்றுகொண்டே சொல்லுவார்.

அந்த மாரியில் கூரை ஒழுகி மா மூட்டையெல்லாம் கல்லாகிவிட்டது. பாண் சுடும் போறணை ஆறிக் கிடந்தது. செங்கல்லில் கட்டிய குகை மாதிரி இருக்கும் அது. உள்ளேயே விறகை எரித்து, தணலை வாரிவிட்டுத்தான் பாண் வைப்பது.

அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், ஹாஜியார் லாஞ்சிப் படகால் இறங்கிவிட்டார் என்று மாமா ஓடிவந்து சொன்னார். சொன்ன கையோடு பின்வாசலால் பறந்தும் விட்டார்.

"அப்பா கந்தளாய்க்குப் போயிட்டார் எண்டு சொல்லு பிள்ளை." நான் பார்த்துக்கொண்டிருக்கவே அப்பா போறணை வாய்க்குள் தவழ்ந்து மறைந்தார்.

முதலில் அத்தர் வாசம் வந்தது. பிறகு வெள்ளைச் சாரன் கட்டிய ஹாஜியார். பின்னால் கைவண்டியோடு ஒருவன்.

"வாப்பா எங்க, மகள்?"

"கந்தளாய்க்கு." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கதிரையில் உட்கார்ந்து வெறும் தட்டுகளைப் பார்த்தார். கண் போறணையில் போய் நின்றது. "மாரியில இதை ஆறவிடக் கூடாது. ஈரம் குடிச்சா வெடிச்சிரும். டேய், விறகைப் போட்டுப் பத்த வை."

அவன் விறகை அள்ளினான். மண்ணெண்ணெய் மணத்தது. சொன்னால் கடை போய்விடும். சொல்லாவிட்டால் அப்பா. உள்ளேயிருந்து ஒரு செருமல்கூட இல்லை. தீக்குச்சி உரசிய சத்தத்தில் கத்திவிட்டேன்.

"அப்பா உள்ளுக்கு!"

தலையெல்லாம் சாம்பலோடு அப்பா வெளியே வந்தார். வண்டிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். ஹாஜியார் சிரிக்கவில்லை, அப்பாவின் தோளில் கிடந்த சாம்பலைத் தட்டிவிட்டார்.

"என்னைக் கண்டா இந்தத் தெருவே கந்தளாய்க்குப் போயிருது. நட்டமெண்டா என்ட காசு போச்சு, உங்கட உழைப்புப் போச்சு. நாம பேசினது அப்படித்தானே? வண்டியில மா கிடக்கு. இறக்குங்க."

கடை தப்பியதென்று நான் துள்ளினேன். அப்பா மூட்டையைத் தூக்கப் போனார். தூக்க ஏலாமல் அதன்மேலேயே சாய்ந்து நின்றார். தீக்குச்சிக்கும் வாய் திறவாத மனிதர், ஒன்றுமே தரவேண்டாம் என்று ஹாஜியார் சொன்ன பிறகு எதற்கு அப்படித் தளர்ந்துபோனார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.