நாலு மாதம் மிச்சமிருந்த பாஸ்போர்ட்

அம்மாவின் அக்காளைக் கொழும்பில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அவள் பெரியம்மை. போட்டோவில் மட்டும் பார்த்தவள். நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டதாகப் போன் வந்தது. ஒருதரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகும்படி தங்கையிடம் கேட்டாளாம்.

அம்மாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. கல்யாணமான புதிதில், அப்பா வளைகுடாவுக்குப் போவதாக இருந்தபோது இருவருமாக எடுத்தது. அப்பா போகவில்லை, அது பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த அப்பா, தெருவில் யாருக்கு விண்ணப்பம் எழுதவேண்டுமானாலும் தேடி வருகிற ஆள். இலங்கையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இணையத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம் என்று விசாரித்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவரே பதிந்தார். மறுநாளே கிடைத்தது. போகவர டிக்கெட், பெரியம்மை வீட்டு விலாசம் எல்லாவற்றையும் நகலெடுத்து பைலில் வைத்தார். ஏழு நாள் பயணம்.

அம்மா இல்லாத அந்த ஏழு நாளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். வீட்டு ஜெபத்தில் எல்லாரும் பெரியம்மைக்காகக் கண்ணை மூடியபோது, அம்மா போகக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன்.

மதுரை விமான நிலையத்தில் அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, நானும் அப்பாவும் வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்றோம். முக்கால் மணி நேரத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"பாஸ்போர்ட்டு முடிய இன்னும் ஆறு மாசமாவது இருக்கணுமாம். இதுல நாலு மாசந்தான் இருக்காம்."

அப்பா அதை வாங்கித் தேதியைப் பார்த்தார். "ஏழு நாளுதான இருக்கப்போறேன்னு சொல்லலையா?"

"சொன்னேன்" என்றாள் அம்மா.

அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

திரும்புகிற பஸ்ஸில் அம்மா மடியில் தலைவைத்துப் படுத்தேன். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்று அவளிடமே சொன்னேன். தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி வைத்தாள். கோவில்பட்டி தாண்டியதும் பசிக்கிறது என்றேன். அக்காள் கேட்டாளென்று வாங்கியிருந்த கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். ஊர் வருமுன் முக்கால்வாசியைத் தின்றுவிட்டேன்.

அந்த வாரமே புது பாஸ்போர்ட்டுக்குப் பதிந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்துப் போனார். அதற்கு நாலாம் நாள் பெரியம்மை இறந்துபோனாள். அங்கே அடக்கம் நடக்கிற நேரத்தில் இங்கே அம்மா முன்னறையில் முழங்காலில் இருந்தாள். அப்பா பக்கத்தில் போகாமல் வாசலிலேயே நின்றார். வெகுநாள் அவர் யாருக்கும் விண்ணப்பம் எழுதவில்லை.

மறுவாரம் தபாலில் பாஸ்போர்ட் வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைக் கிழிக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"இனி போவியாம்மா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"யாரப் பாக்க?" என்றாள்.

அம்மா இனி எங்கேயும் போகமாட்டாள் என்பது மட்டுந்தான் எனக்கு அதில் கேட்டது. துள்ளிக்கொண்டு தெருவுக்கு விளையாட ஓடினேன்.