கிழித்த கார்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் போன ஆடி மாதம், கோவில்பதாகை என்கிற ஊரில், பட்டப்பகலில் வரலட்சுமிக்கு இது நடந்தது. அவள் வாயாலேயே கேட்டேன்.

அவள் பெரியப்பா திருவேங்கடத்துக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. கட்டை பிரம்மச்சாரி. அவர் வீட்டைக் காலி செய்வதற்குள் பெட்டியிலிருந்த மூன்று தலைமுறைக் கடிதங்களையும் பத்திரங்களையும் உறையில் போட்டுப் பத்திரப்படுத்த உட்கார்ந்தாள் வரலட்சுமி. மனசுக்குள் வேறோர் ஆசை. 1996இல், பத்தொன்பது வயதில், பெரியப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன தம்பி அசோக், ஒரு வரியாவது எழுதியிருக்க மாட்டானா?

பெட்டிக்கு அடியில் ஒரு மஞ்சப்பை. உள்ளே கிழித்த தபால் கார்டுகள்.

"அதெல்லாம் சாவு சேதி, வரலு," என்றார் கணவர் கலியமூர்த்தி. "படிச்சதும் கிழிச்சிப் போடணும். உங்க பெரியப்பா குப்பையக்கூட சேத்து வெச்சிகீறாரு."

"எல்லாம் நம்ம ஊட்டு ஆளுங்க. ஒட்டி வெக்கிறேன்."

"செத்தவங்களுக்கு செல்லோடேப்பா? நடத்து, நடத்து!"

சிரித்தபடி டீ குடிக்கப் போய்விட்டார்.

மணி 2.10. முதல் கார்டை ஒட்டினாள். கொள்ளுப்பாட்டி இறந்த சேதி.

பின்பக்கத்துக் குளியலறையில் யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். சளார்...

பக்கத்து வீடாக இருக்கும்.

2.25. அடுத்த கார்டு. தாத்தா.

சளார்... சளார்...

"இன்னாங்க, வந்துட்டீங்களா?"

வாசலைப் பார்த்தாள். அவர் செருப்பைக் காணோம். சாவு சேதி கேட்டால் தலைமுழுகுவார்களே... ஒவ்வொரு கார்டை ஒட்டியதும் ஒரு தலைமுழுக்கு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மிச்சம் ஒரே கார்டு. அஞ்சல் முத்திரையில் 1997. இறந்தவர் பெயர் இருந்திருக்க வேண்டிய மூலை மட்டும் இல்லை. படிக்கப் பயந்து, முகவரிப் பக்கமாகவே வைத்து ஒட்டினாள்.

2.40.

சத்தமே இல்லை.

பிறகு... தாழ்ப்பாள் விலகியது.

"யக்கா... துண்டு குடு."

அசோக். அதே பத்தொன்பது வயதுக் குரல்.

கொடியிலிருந்த துண்டை எடுத்தாள். கதவிடுக்கில் நீட்டினாள்.

உள்ளேயிருந்து இழுத்தது.

கை... சில்லென்று.

கலியமூர்த்தி வந்தபோது அவள் குளியலறை வாசலில் மயங்கிக் கிடந்தாள். குளியலறையில் ஒருவரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. "தண்ணி ஏது? மோட்டாரைக் கழட்டி பத்து நாளாச்சே!" என்றார். துண்டு மட்டும் எங்குமே கிடைக்கவில்லை.

சாயங்காலம் அந்தக் கார்டைத் திருப்பிப் படித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எழுதியது. பெரியப்பா இருபத்தெட்டு வருஷம் யாரிடமும் சொல்லாதது.

"...ஏரியில் குளிக்க இறங்கினவர் கரையேறவில்லை. கரையில் வைத்திருந்த துணியை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். பிள்ளையை வெறும் உடம்பாகத்தான் புதைக்க வேண்டியதாயிற்று. மன்னிக்கவும்."